கொட்டாஞ்சேனைப் பன்சலை: வெசாக் வாரக் குறிப்புகள்

முதல் நாள்

ஹட்டனிலிருந்து ஏறிய ரயில் கொழும்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. மலையின் குளிருக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். புறக்கோட்டை நெரிசலைக் கடந்து, செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டி, ஜிந்துப்பிட்டி வழியாகக் கொட்டாஞ்சேனை. பெரியம்மா வீட்டுக்கு நான் சிறுமியாக இருந்த நாளிலிருந்து வரும் வழி இதுதான். இந்த முறை வழி முழுவதும் தலைக்கு மேலே கொடிகள். புத்தரின் பிறப்பையும் ஞானம் பெற்றதையும் பரிநிர்வாணத்தையும் நினைவுகூரும் வெசாக்குக்கு இன்னும் மூன்று நாட்கள் இருக்கின்றன.

வீட்டுக்குள் நுழைந்தால், நடு அறையில் மூங்கில் குச்சியும் நிறத்தாளும் பசையும் பரப்பிக்கிடந்தன. அண்ணாவின் மகன், ஒன்பது வயது, பள்ளியில் கொடுத்த வேலையாக வெசாக் கூடு என்னும் தாள் விளக்கு செய்துகொண்டிருந்தான். கூட்டின் ஒரு பக்கத்தில் பௌத்தக் கொடி வர வேண்டுமாம். நிறங்களை எந்த வரிசையில் ஒட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. பிறந்த நாள் முதல் பார்த்த கொடி, ஆனாலும் வரிசை சொல்ல வாய் வரவில்லை.

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல் மட்டும் வந்தது. "நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள். கடைசிப் பட்டியில் அந்த ஐந்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்."

பெரியப்பா புனித லூசியாள் பேராலயத்துக்கு ஞாயிறு தவறாமல் போகிறவர். பெரியம்மாவோ வெள்ளிக்கிழமை என்றால் பொன்னம்பலவாணேசர் கோயிலில் நிற்பவர். இந்தப் பகுதியில் இப்படியான குடும்பங்கள் புதுமையல்ல. ஆனால் பௌத்தக் கொடியின் வரிசை அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்தக் கொடி முதலில் ஏறியதே நம்முடைய பன்சலையில்தானே, மகள். இந்த வீதியில் இருப்பவனுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?"

பன்சலை என்றால் பௌத்தக் கோயில். நம்முடைய பன்சலை என்று அவர் சொன்னது தீபதுத்தமாராமய விகாரையை. அதன் மதிலை ஒட்டி எத்தனை முறை நடந்திருப்பேன்! கச்சான் வாங்கிக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, யாரோடோ பேசிக்கொண்டு. உள்ளே ஒருநாளும் போனதில்லை. இந்த நான்கு நாட்களில் காலிமுகத் திடலும் அருங்காட்சியகமும் பார்ப்பதாகத்தான் எண்ணி வந்தேன். அவை அங்கேயே இருக்கட்டும்.

இரண்டாம் நாள்

"வெள்ளை உடுத்திக்கொண்டு போ. வெறுங்கையோடு போகாதே" என்று பெரியம்மா காலையிலேயே சொல்லிவிட்டார். மூலைக் கடையில் நீலோற்பலம் ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன்.

பெரிய பன்சலை அல்ல. கங்காராமையையோ களனியையோ மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிய வளவு, வெள்ளரசு, விளக்குத் தட்டுகள், எண்ணெய்ப் புகை. வெள்ளைச் சாரம் உடுத்திய முதியவர் ஒருவர் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் எந்தப் பக்கம் பூ வைப்பது என்று தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, "வாருங்கள் மகள், முதலில் இங்கே" என்று தமிழிலேயே கூப்பிட்டார். சிங்கள மொழிக்காரர்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்களுக்கு இரண்டு மொழியும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

முதலில் கண்ணில் படுவது தாதுகோபுரம், அதாவது தூபி. அனுராதபுரத்திலும் களனியிலும் காணும் வடிவம் அல்ல இது. சீயத்துச் சாயல், அதாவது இன்றைய தாய்லாந்தின் சாயல் கொண்டது. கொழும்பின் இந்த மூலையில் அது எப்படி வந்தது என்ற கதையை ஐயா தும்புத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னதையும் நான் முன்பு படித்திருந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சீயத்து மன்னர் மூன்றாம் ராமாவின் பேரன் பிரிஸ்டாங். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பொறியியல் படித்தவர். ஐரோப்பிய நாடுகளில் சீயத்தின் தூதராக இருந்தவர். 1885இல், நாட்டுக்கு அரசியலமைப்பு வேண்டும் என்று மன்னர் சூலலோங்கோர்ணுக்கு எழுதப்பட்ட மனுவில் அவருடைய கையும் இருந்தது. அதற்குப் பிறகு அரண்மனையில் அவருக்கு இறங்குமுகம். நாட்டை விட்டுப் புறப்பட்டு, அலைந்து, 1896இல் இலங்கையில் வஸ்கடுவே சுபூதி தேரரிடம் துறவு பூண்டார். ஜினவரவம்ச என்பது துறவுப் பெயர். பின்னர் இந்தப் பன்சலையின் பொறுப்பு அவரிடம் வந்தது. தாதுகோபுரத்தை எழுப்பினார், அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நடத்தினார். அரண்மனையில் பிறந்தவர் பிச்சைப் பாத்திரத்தோடு கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் நடந்திருப்பார் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்ந்துவிட்டது. மன்னர் இறந்த பிறகு 1911இல் அவர் தாய்நாடு போனார். அங்கே காவியைக் களையவைத்தார்கள். மறுபடி இங்கே திரும்பி வர அவருக்கு வாய்க்கவேயில்லை. 1935இல் வறுமையில் இறந்தார்.

தாதுகோபுரத்தின் அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்பு வெயிலில் கண்ணைக் கூசியது.

ஆனால் இந்தப் பன்சலையின் உயிர்நாடி இளவரசர் அல்ல. அவருக்கு முன்னால் இங்கே வாழ்ந்த ஒரு பிக்கு. பலப்பிட்டியைச் சேர்ந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர், 1823இல் பிறந்தவர். அவரை இலங்கைத் தமிழர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. ஏனென்றால் அவருடைய காலத்துச் சண்டை நமக்கும் பழக்கமானதுதான். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் மிஷனரிமாரை எதிர்த்து அச்சுக்கூடமும் பள்ளியும் பிரசங்கமுமாக நின்றாரே, ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கொட்டாஞ்சேனையில் குணானந்தர் அதே ஆயுதங்களைக் கையில் எடுத்தார். நாவலர் 1822, குணானந்தர் 1823. ஒரே தீவில் ஓராண்டு இடைவெளியில் பிறந்த இருவர். பள்ளிப் பாடத்தில் ஒருவரைப் பற்றி மட்டும்தான் நான் படித்தேன்.

குணானந்தர் 1862இல் பௌத்தத்தைப் பரப்புவதற்கென்று இங்கே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதற்கு ஓர் அச்சு இயந்திரம் கிடைத்தது. ஒருகாலத்தில் கோட்டேயில் கிறிஸ்தவ மிஷனரிமார் தங்கள் வெளியீடுகளை அச்சடித்த இயந்திரம் அது. பௌத்தத்தை மறுக்கும் துண்டுப் பிரசுரங்கள் ஓடிய அதே உருளையில் அவற்றுக்கான பதில்கள் ஓடத் தொடங்கின.

பிறகு வாதங்கள். பத்தேகம, வராகொட, உதன்விட்ட, கம்பளை என்று 1860களின் நடுவிலிருந்து பௌத்தரும் கிறிஸ்தவரும் எழுத்திலும் மேடையிலும் மோதிக்கொண்டார்கள். உச்சம் பாணந்துறை, 1873 ஆகஸ்ட் 26, 28. எதிர்ப்பக்கத்தில் வெஸ்லியன் சபையின் டேவிட் டி சில்வா பாதிரியார். இரு தரப்புக்கும் மாறி மாறி நேரம். ஆயிரக்கணக்கில் சனம். பாதிரியார் பெரிய பாளிப் பண்டிதர். மேற்கோளுக்கு மேல் மேற்கோளாகப் பாளியிலேயே எடுத்துக்கொடுத்தார். வயலிலிருந்தும் தோணியிலிருந்தும் வந்து நின்ற சனத்துக்கு அது எட்டவில்லை. குணானந்தர் எழுந்து சாதாரணச் சிங்களத்தில் பேசினார்.

பிக்குமார் பொதுவாகப் பண எனப்படும் பௌத்தப் பிரசங்கம் சொல்லும்போது உட்கார்ந்து, விசிறியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, நிதானமாக ஓதுவார்கள். முகம் தெரியக் கூடாது, சொல்தான் தெரிய வேண்டும் என்பது மரபு. அந்த மரபில் வளர்ந்த ஒருவர் கூட்டத்துக்கு முன்னால் நின்று, கையை வீசி, எதிராளியின் வேதத்திலிருந்தே வசனங்களை எடுத்து அடுக்கியபோது அந்தச் சனம் எப்படி மூச்சடக்கி நின்றிருக்கும்!

அந்த வாதம் ஆங்கிலத்தில் அச்சேறி அமெரிக்கா வரைக்கும் போனது. அங்கே அதைப் படித்தவர்களில் ஒருவர், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஒல்கொட். 1880 மே மாதம் அவரும் அதே சபையின் பிளவாட்ஸ்கி அம்மையாரும் காலித் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். காலியிலேயே பஞ்சசீலம் என்னும் ஐந்து ஒழுக்க விதிகளை ஏற்றுப் பௌத்தரானார்கள். கொழும்பில் ஆனந்தா கல்லூரியும் மற்றப் பௌத்தப் பள்ளிகளும் எழுந்ததெல்லாம் அதன் தொடர்ச்சி. குணானந்தர் பின்னாளில் ஒல்கொட்டோடும் முரண்பட்டார். எவரோடும் முரண்படத் தயங்காத மனிதர்.

இன்னொரு செய்தியும் மனதில் தங்கிவிட்டது. முகத்துவாரத்துப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுவன், போகும் வழியில் இந்தப் பன்சலைக்கு வந்து குணானந்தரின் பேச்சைக் கேட்பானாம். டொன் டேவிட் ஹேவாவிதாரண என்ற அந்தச் சிறுவன்தான் பிறகு பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநாகரிக தர்மபால ஆனவர்.

வெயில் ஏறியது. ஐயா பிளேன்ரீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து தந்தார். நாளை மறுநாள் இரவு வாருங்கள், விளக்கு ஏற்றும்போது பார்க்க வேண்டும் என்றார்.

மூன்றாம் நாள்

இன்று எழுதுவது எளிதாக இல்லை.

காலையில் பன்சலை வாசலிலிருந்து புனித லூசியாள் பேராலயம் வரை நடந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றின் மணியோசை மற்றொன்றுக்குக் கேட்கும். இந்தச் சிறு தூரத்துக்குள்தான் 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று இரத்தம் சிந்தியது.

பன்சலையில் புதிய புத்தர் சிலையை ஒட்டிய திருவிழா அப்போது நடந்துகொண்டிருந்தது. ஊர் ஊராக ஊர்வலங்கள் மேளதாளத்தோடு பன்சலைக்கு வந்தபடி இருந்தன. கத்தோலிக்கருக்கோ அது தவக்காலமும் பரிசுத்த வாரமும். ஊர்வலத்தில் கிறிஸ்தவத்தை இழிவுபடுத்தும் உருவங்கள் வருகின்றன என்று ஒரு வதந்தி கிளம்பியது. உயிர்த்த ஞாயிறு அன்று வந்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் கூட்டம் வழிமறித்தது. மணிகள் ஒலித்தன. கல்லும் தடியும் பறந்தன. பௌத்தர் ஒருவர் கொல்லப்பட்டார், பலர் காயப்பட்டார்கள், ஊர்வல வண்டிகளை இழுத்துவந்த மாடுகளைக்கூட விடவில்லை. அரசு விசாரணை வைத்தது. போதிய சாட்சி இல்லை என்று ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது இதைப் பெரியப்பாவிடம் மெதுவாக எடுத்தேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை, ஆனால் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"எங்கள் வீட்டில் அந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்வார்கள். ஆண்டவர் உயிர்த்த நாளில் நம் கோயில் வாசலில் வந்து பறை அடித்தார்கள் என்றுதான் என் தாத்தா சொல்வார். செத்தவனைப் பற்றி அவர் சொன்னதே இல்லை. மாட்டைப் பற்றியும் சொன்னதில்லை."

"உங்களுக்கு எப்போது தெரிந்தது, பெரியப்பா?"

"முப்பது வயதுக்கு மேல். ஒரு புத்தகத்தில் படித்தேன். அன்றைக்கே போய்ப் பன்சலை மதிலுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தேன். உள்ளே போக வெட்கமாக இருந்தது."

பெரியம்மா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். 1983 ஜூலைத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் இதே வீதியில் என்ன நடந்தது என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை. 2019இல் உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது இந்த வீட்டுக் கண்ணாடிகள் அதிர்ந்தன என்று மட்டும் ஒருமுறை சொன்னார். கொட்டாஞ்சேனைக்குள் யாருடைய கதையும் மற்றவருடைய கதையிலிருந்து பிரிந்து நிற்பதில்லை. பன்சலைக் கதையை வேறு வீட்டுக் கதையாக எண்ணி இத்தனை ஆண்டுகள் மதிலோரமாக நடந்துபோனது தவறு என்று இன்று முழுதாக உணர்கிறேன்.

கலவரத்துக்குப் பிறகு நடந்தவற்றில்தான் கொடி வருகிறது. இங்கே நீதி கிடைக்கவில்லை என்று கண்ட பௌத்தர்கள் 1884 ஜனவரியில் ஒரு பாதுகாப்புக் குழு அமைத்து, ஒல்கொட்டைத் தங்கள் சார்பில் லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் குடியேற்ற நாடுகளின் செயலாளர் டார்பி பிரபுவிடம் முறையிட்டார். கொலை வழக்கு திரும்பவும் திறக்கப்படவில்லை. ஆனால் 1885இல் வெசாக் நாள் அரசு விடுமுறையானது. அந்த முதல் விடுமுறைக்கென்று பௌத்தர்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம் வேண்டும் என எண்ணி, ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரரின் தலைமையில் கொழும்பில் கூடிய குழு கொடியை வடிவமைத்தது. குணானந்தர் அதில் ஓர் உறுப்பினர். தர்மபாலவின் தந்தையும் இருந்தார். அந்த வெசாக் நாளில் குணானந்தர் இந்தப் பன்சலையில் கொடியை ஏற்றினார்.

முதலில் அது நீளமான தோரணம் போல இருந்ததாம். ஊர்வலத்தில் பிடிக்கவும் அறையில் மாட்டவும் வசதியில்லை என்று, மற்றக் கொடிகளின் அளவுக்கு மாற்றச் சொன்னவர் ஒல்கொட். அடுத்த ஆண்டு வெசாக்குக்கு இன்று நாம் காணும் வடிவம் வந்தது. நிறங்கள் புத்தரின் திருமேனியிலிருந்து ஒளிர்ந்ததாகச் சொல்லப்படும் ஆறு கதிர்கள். அவற்றில் செம்மஞ்சளுக்குப் பாளியில் மஞ்ஜெட்ட என்று பெயர். நாட்டு மருந்துக்கடையில் கேட்டால் தருவார்களே மஞ்சிட்டி வேர், அதன் சாயத்தின் நிறம். ஆறாவது கதிருக்குப் பிரபாஸ்வர என்று பெயர். தனி நிறம் அல்ல, ஐந்தும் சேர்ந்த ஒளி.

1950இல் கண்டியில் உலகப் பௌத்தர்கள் கூடியபோது பேராசிரியர் மலலசேகரவின் முயற்சியால் இந்தக் கொடி உலகத்துக்குப் பொதுவாகும் வழி திறந்தது. இன்று ஜப்பானிலும் தாய்லாந்திலும் வியட்நாமிலும் அது பறக்கிறது. ஏறத் தொடங்கியது நம் பெரியப்பா வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

இரவு பத்து மணிக்குச் சின்னவனுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவன் ஆறாவது பட்டியை இன்னும் ஒட்டவில்லை. முழுத் தாள் எல்லாம் தீர்ந்துவிட்டதாம். வெட்டி மிஞ்சிய ஐந்து நிறத் துண்டுகளையும் பொறுக்கி எடுத்துக் கீழே கீழே ஒட்டிக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள், வெசாக்

காலையில் மாளிகாகந்தை. மருதானைப் பக்கம் மேட்டில் இருக்கிறது. சுமங்கல தேரர் 1873இல், பாணந்துறை வாதம் நடந்த அதே ஆண்டில், வித்தியோதய பிரிவெனாவை, அதாவது பிக்குமாருக்கான கல்விக்கூடத்தை, தொடங்கிய இடம். இங்கே வரவேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் ஒரு தமிழர். சென்னையில் சித்த மருத்துவராக இருந்த அயோத்திதாசப் பண்டிதர். ஒடுக்கப்பட்ட தம் மக்களின் பழைய சமயம் பௌத்தமே என்று வாதிட்டவர். 1898இல் ஒல்கொட்டைச் சந்தித்து, அவருடைய துணையோடு கடல் கடந்து கொழும்புக்கு வந்து, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிப்போய்ச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ஒரு பைசாத் தமிழன் என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்.

அங்கே நின்றபோது ஒரு நூல் கையில் அகப்பட்டது போலிருந்தது. கொட்டாஞ்சேனைப் பிக்குவின் பேச்சு ஒல்கொட்டை இந்தத் தீவுக்கு இழுத்தது. ஒல்கொட்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பண்டிதர் இந்த மேட்டுக்கு ஏறி வந்தார்.

பிரிவெனாவில் சனம் அதிகம். சில் எடுத்தவர்கள், அதாவது அன்றைக்கு நோன்பு ஏற்றவர்கள், வெள்ளை வெள்ளையாக நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நெடுநேரம் நிற்கவில்லை.

மாலையில் சின்னவனோடும் அண்ணியோடும் நடந்தோம். வீதிக்கு வீதி தன்சல் என்னும் இலவச உணவுப் பந்தல். ஓரிடத்தில் அவித்த கடலை, ஓரிடத்தில் கொத்தமல்லித் தண்ணீர், இன்னோரிடத்தில் ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம் வரிசை வளைந்து அடுத்த ஒழுங்கைக்குள் போயிருந்தது. தமிழ் இளைஞர்கள் சேர்ந்து போட்ட சோற்றுத் தன்சல் ஒன்றில், வேர்வை வழியப் பரிமாறிக்கொண்டிருந்தவர்களில் இருவர் கழுத்தில் சிலுவை.

பெரியப்பா வருவதாகச் சொல்லவில்லை. ஆனால் பன்சலை வாசலை நாங்கள் அடைந்தபோது அங்கே மதிலோரம் நின்றுகொண்டிருந்தார். செருப்புகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்றார். வற்புறுத்தவில்லை. மூன்று சோடிச் செருப்புகளையும் அவர் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனோம்.

தாதுகோபுரத்தைச் சுற்றி மண் விளக்குகள். பிரித் ஓதும் ஒலி. சின்னவன் எண்ணெய் ஊற்ற, நான் திரி போட்டேன். ஐயா அடையாளம் கண்டு அருகில் வந்தார். மாளிகாகந்தைக்குப் போய்வந்ததைச் சொன்னேன். அயோத்திதாசரைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது புதிய செய்தி. தமிழர் ஒருவரா, நம்முடைய சுமங்கல ஹாமுதுருவிடமா என்று கேட்டார்.

சட்டைப் பையிலிருந்து மடித்த நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்தார். பேனா வாங்கினார். 1898 என்று முதலில் எழுதிக்கொண்டார். பிறகு பெயரை இன்னொரு முறை மெதுவாகச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல, விளக்கு வெளிச்சத்தில் தாளைத் தொடையில் வைத்து, சிங்கள எழுத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அ, யோத், தி, தா, ச.